சோற்றில் விழும் மண்

ஹமில்ட்டனில், பேர்லிங்டன் வீதியிலிருந்து
இரண்டு தெரு உள்ளே,
மூடிக்கிடக்கும் குரோம் பட்டறை.
நாற்பது வருடம் கார் பம்பர்களைப்
பளபளக்க வைத்த இடம்.
பளபளப்பு ரோட்டெல்லாம் ஓடிப்போயிற்று.
மிச்சம் இங்கே,
நாலு மீற்றர் ஆழத்தில்,
நிலத்தடித் தண்ணீரில் மஞ்சளாய்.

மாதிரிக் குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்தபோது
"எலுமிச்சைச் சாறு" என்றான் உதவிக்கு வந்த பையன்.
"குடிச்சுப் பார்" என்றேன்.
அதன்பிறகு அவன் கையுறையைக் கழற்றவேயில்லை,
சாப்பிடும்போதுகூட.
அதற்கும் திட்டினேன்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்த வழி:
தோண்டு, அள்ளு, அனுப்பு.
பதினொரு கிழமை வேலை.
ஆயிரத்து நூற்று அறுபது லொறி,
மேற்கே இருநூறு கிலோமீற்றர்,
சோள வயல்களுக்கு நடுவே ஒரு குழி.
கணக்குத் தாளில் டீசலுக்குக் கட்டம் இல்லை;
சேர்த்தேன்.
குழிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும்
ஒரு கட்டம் சேர்த்தேன்.
மேலாளர் அழித்தார்.
மறுபடி சேர்த்தேன்.

இன்னொருவன் சோற்றில் மண் போடுவது என்றால் என்னவென்று
அவருக்கு எப்படிச் சொல்வது?
நான் சொன்ன ஆங்கிலத்தில்
அது வெறும் மண்ணாகவும் வெறும் சோறாகவும்தான் இருந்தது.

தேவாலயத்தின் நிலவறையில் கூட்டம்.
ஆறிய கோப்பி, இரும்பு நாற்காலிகள்.
மார்லீன் கொவல்சுக் எழுந்தாள்.
அவளுடைய அப்பா அந்தத் தொட்டியில்
பம்பர்களை முக்கி எடுத்தவர்.
மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்ததாம்.
"வாயைத் திறக்காமலே விசிலடிப்பார்" என்று
அவள் மட்டும் சிரித்தாள்.
"ஏழு வருடம் என்கிறாய்.
எனக்கு அது நாளைக்கே போகவேணும்."

"எங்கே?"

கேட்டது நான் இல்லை.
கடைசி வரிசையில், தொப்பியோடு, ப்ரூனோ இயன்னாச்சி,
அந்த லொறிகளில் ஒன்றை ஓட்டப்போகிறவன்.
"அந்த ஊர் எனக்குத் தெரியும்.
காலை எட்டு மணிக்கு என் வண்டிக்கு முன்னால்
அங்கேயும் ஒரு பள்ளிக்கூட பஸ் நிற்கும்."
"உனக்கு வேலை வேண்டாமா?" என்றது யாரோ.
"வேணும்தான்" என்று
உட்கார்ந்துவிட்டான்.

தொட்டிக்கு நேர்கீழே இருந்ததைத்
தோண்டத்தான் வேண்டியிருந்தது.
தொண்ணூறு லொறி. மறைக்கவில்லை.
மீதி மண்ணுக்குப் பாகு வாங்கினோம்,
சீனி ஆலையில் எஞ்சும் கருப்புப் பாகு.
பீப்பாயைத் திறந்ததும்
இரும்புத் தெரு முழுக்க அதிரசம் மணத்தது.
குழாய்வழி கீழே விட்டோம்.
கண்ணுக்குத் தெரியாத வாய்கள் தின்னும்,
தின்று பெருகும், மூச்சு முட்டும்,
அந்த முட்டலில் ஓடுகிற மஞ்சள்
படிந்து உட்காரும்.
விஷம் போய்விட்டதா என்றால், இல்லை.
அதன் கால் போய்விட்டது.

மேலே வில்லோக் குச்சிகள்,
துத்தநாகம் குடிக்க நட்டவை.
ஒக்டோபரில் ஓர் இலை விடாமல் வாரி
மூட்டை கட்டவேண்டும், காற்று முந்துவதற்குள்.
மூட்டைகள் எங்கே போகும் என்ற கட்டம்
என் தாளிலும் இன்னும் காலிதான்.
மேலாளர் அதைக் காட்டிச் சிரித்தார்.
சிரிக்கட்டும்.

மூன்றாவது வருடம்.
மாதிரி எடுக்கும் நாளெல்லாம்
வேலிக்கு வெளியே மார்லீன்.
"இன்றைக்கு என்ன நிறம்?"
குப்பியைத் தூக்கிப் பார்த்தேன்.
எலுமிச்சை இல்லை.
தண்ணீர் என்று சொல்லவும் வாய் வரவில்லை.
பாகின் சாயலோ குரோமியத்தின் மிச்சமோ,
ஆய்வுகூடம் வியாழக்கிழமைதான் சொல்லும்.

"கொஞ்சம் மஞ்சள்" என்றேன்.
கொஞ்சம் என்று எழுதிக்கொண்டாள்,
தேதி போட்டு.