இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி

காமராசர் சாலையில்
பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் மாடி.
ராத்திரி பத்துக்கு ஹெட்போன் மாட்டினால்
விடியும்வரை எனக்கு வாய் கிடையாது.
இரண்டு காது, பத்து விரல், ஒரு வலது கால்.
காலுக்கடியில் பெடல்.
நுனியால் அழுத்தினால் டாக்டர் பேசுவார்.
குதிகாலால் அழுத்தினால்
சொன்னதையே திரும்பச் சொல்வார்,
கோபப்படாமல்.

டாக்டர்களுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான்.
நூற்றுப் பதினான்கு டெக்சாஸ்.
'பெயின்' என்பதை
நனைந்த போர்வையைப் பிழிவதுபோல முறுக்குவார்.
நோயாளிக்கு முன்பே நமக்கு வலித்துவிடும்.
இருநூற்று ஏழு பாஸ்டன் அம்மா.
ஆர் என்ற எழுத்தோடு என்ன பங்காளிச் சண்டையோ,
அவரிடம் 'ஹார்ட்' எல்லாம் 'ஹாட்'.
சேர்ந்த புதிதில்
ஒருவருக்கு இதயம் இருந்த இடத்தில்
சூடு சீராக இருப்பதாக அடித்து அனுப்பினேன்.
அந்த மாத இன்சென்டிவ் போனது.

முந்நூற்றிரண்டு பிறந்தது கிளாஸ்கோ.
அவர் ஃபைல் வந்தால்
பாதிப் பேர் பாத்ரூமுக்கு எழுந்து போவார்கள்.
எனக்கு அவரைப் பிடிக்கும்.
ர-வை முழுசாக உருட்டித் தருகிற
ஒரே வெள்ளைக்காரர்.
பாண்டிச்செல்விக்கு உசிலம்பட்டிப் பக்கம்,
அவள் வாயில் ஃபீவர் 'பீவர்'தான்.
ஆனால் அவள் காதிலிருந்து ஒரு எழுத்து தப்பிக்காது.
கிளாஸ்கோவை அவளிடம்தான் கொடுத்துக் கேட்போம்.

ட்ரெயினிங் எடுக்க வந்த சென்னைக்காரர்
நியூட்ரல் ஆக்சென்ட் என்று ஒன்று சொன்னார்.
எந்த ஊரில் சார் அப்படிப் பேசுறாய்ங்க என்றேன்.
எந்த ஊரிலும் இல்லை என்றுவிட்டு
என் 'பேசுறாய்ங்க'வுக்கு டீ பிரேக் வரை சிரித்தார்.
வீட்டில் நான் பேசுவது சௌராஷ்டிரம்.
அந்தப் 'பேசுறாய்ங்க'வே
நான் தெருவில் சண்டை போட்டுச் சம்பாதித்தது,
அவரிடம் சொல்லவில்லை.

அமெரிக்காவில் வாட்டர் 'வாடர்' ஆகும் என்று
ரகசியம்போல போர்டில் எழுதினார்.
பட்டத்தில் கெட்டியாக நிற்கிற ட
படத்தில் குழைகிறதே,
ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் பார்க்காததா.

போன வியாழன், மணி மூன்றரை இருக்கும்.
முந்நூற்று அறுபத்தொன்று, புது நம்பர்.
இழைத்து எண்ணெய் தேய்த்த இங்கிலீஷ்.
ட எல்லாம் குழைந்து, ஆர் எல்லாம் சுருண்டு.
மினசோட்டா என்று நினைத்துக்கொண்டேன்.
நாற்பத்திரண்டு வயது ஆண்,
நேற்றிலிருந்து வயிற்று வலி,
தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு
(இங்கே ஒரு சின்ன நிறுத்தம்)
'இங்கிட்டு',
வலப்பக்கம் கீழே இறங்கியிருக்கிறது.

குதிகால்.
இங்கிட்டு.
குதிகால்.
இங்கிட்டு.

அங்கே அவருக்குப் பகல்.
தனி அறை. ஒரு கையில் மைக்.
இன்னொரு கை
தன் வயிற்றின் மேலேயே நகர்ந்து பார்த்திருக்கும்.
கை போன வழியில் நாக்கும் போய்விட்டது.
அடுத்த வாக்கியத்தில் மறுபடி மினசோட்டா.
தடுக்கியது அவருக்குத் தெரிந்ததா,
தெரிந்தும் அழிக்காமல் விட்டாரா.

எங்கள் சுவரில் விதி ஒட்டியிருக்கிறது:
புரியாத சொல்லுக்குக் கோடு போடு,
பக்கத்தில் நேரம் குறி.
புரிந்த சொல்லுக்கு ஒன்றும் எழுதவில்லை.
பாண்டிச்செல்வியைக் கூப்பிட வாயெடுத்தேன்.
கூப்பிடவில்லை.
கோடு போட்டேன். இரண்டு பதினான்கு.
ஐதராபாத்தில் சரிபார்க்கிறவர்
'இரைச்சல்' என்று குறித்துக்
கோட்டையும் எடுத்துவிட்டார்.
நூற்றுக்கு நூறு கொடுத்திருந்தார்.

காலையில் முனிச்சாலையில் பஸ் ஏறினேன்.
படி வரை கூட்டம்.
கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டே,
"அங்கிட்டு என்னத்துக்கு நிக்கிறீய,
இங்கிட்டு எடம் சும்மாதானே கெடக்கு!"
யாரும் அசையவில்லை.
என் குதிகால் மட்டும்
பஸ்ஸின் தகரத் தரையை
ஒருமுறை அழுத்திப் பார்த்தது.