ஆறட்டும்

எஞ்சினில் கை வைத்தேன். சுட்டது.

"இப்பத்தான் கடைக்குப் போய் வந்தேன்"
என்றார் சுல்ஹில்மி, மலாயில்.
கையில் பொட்டலம் எதுவும் இல்லை.

ஜெலுத்தோங் அடுக்குமாடி, கீழ்த்தள கார் நிறுத்துமிடம்,
சனிக்கிழமை, மணி ஐந்தரை.
சூடான எஞ்சின் யார் உதைத்தாலும் எழும்பும்,
ஆறிப்போனதைக் கேள், அதுதான் உண்மை சொல்லும் என்று
சொல்லி அனுப்பியிருந்தாள் சரளாதேவி,
லைனில் என் பக்கத்து மேசை,
மூன்று மோட்டார் வாங்கி இரண்டில் ஏமாந்தவள்.

"ஆறட்டும்," என்றேன்.
"என்ன?"
"ஆறட்டும். நான் காத்திருக்கிறேன்."

மாடிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்.

தானமாய் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
இவர் கேட்பது இரண்டாயிரத்து முந்நூறு வெள்ளி.
பார்த்தேன்:
பல்சக்கரத்தின் பற்கள் சுறாத் துடுப்பாய்ச் சாய்ந்திருந்தன,
முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்த தடம்,
சட்டத்தில் வெட்டிய எண்ணைக் கைப்பேசி வெளிச்சத்தில்
கிராண்டோடு ஒவ்வோர் எழுத்தாய்ச் சரிபார்த்தேன்.
ஒரு பூஜ்யம் என்னை வெகுநேரம் பயமுறுத்தியது.
அது எட்டு. துரு மூடிய எட்டு.

கைப்பையில் இரண்டாயிரம்.
கூட்டில் எடுத்தது, ஓவர்டைம், பிறகு
தங்கைக்குத் தெரியாமல் தங்கையுடையது கொஞ்சம்.
தொழிற்சாலை பஸ் இனி பாயா தெருபோங் மேடு ஏறாதாம்.
கிரேப் பிடித்தால் ஒரு நடைக்குப் பதினெட்டு வெள்ளி.
நாற்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தேன்.
ஒல்லிப் பலகை மேல் ஓட்டும் பரீட்சையில் இரண்டு தடவை விழுந்து
மூன்றாம் தடவை தாண்டியபோது
வரிசையில் நின்ற பதினேழு வயசுப் பையன்கள் கைதட்டினார்கள்.
கேலிக்கா என்று இன்னும் தெரியவில்லை.

பாங்கு கேட்டது.
சாவியை சீட்டின் மேல் வைத்துவிட்டுத் தொழப் போனார்.
என் மேல் நம்பிக்கையா,
இவளுக்கு எங்கே ஓட்டத் தெரியப்போகிறது என்ற தைரியமா?
நானும் சாவியும் மோட்டாரும்.
தொட்டேன். இப்போது
காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் நெற்றி.

திரும்பி வரும்போது இரண்டு பையில் தே ஓ ஐஸ்.
ஒன்றை நீட்டிக்கொண்டே, நான் கேட்காமலே,
"காலையில் கொஞ்சம் அடம் பிடிக்கும். நாலு உதை ஆகும்," என்றார்.

எட்டு மணிக்கு இரும்பு சில்லென்றிருந்தது.
உதைத்தேன்.
ஒன்று.
இரண்டு, செருப்பு கழன்று போனது.
மூன்று.
நாலு. இருமியது, அவ்வளவுதான்.
ஐந்தாவதுக்கு எழுந்தது.

"உதைக்கு எழுபது குறையுங்கள்."
விரல் மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.
சிரித்த சத்தத்தில் மேலே ஒரு ஜன்னல் திறந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
முன்பணமாய் இருநூறு எண்ணிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை, பத்து உபான், ஜேபிஜே கவுண்டர்.
அவர் பெருவிரலை இயந்திரம் உடனே ஒத்துக்கொண்டது.
சில்லு கழுவிக் கழுவி ரேகை தேய்ந்த என் விரலை
மூன்று முறை இது நீ இல்லை என்றது.
"அடம் பிடிக்குது," என்றேன்.
எனக்கும் நாலாவது உதை வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இடது ஓரம்,
முன்னும் பின்னும் P ஒட்டி.
சிவப்பு விளக்கில் அணைந்துபோனது. பின்னால் லாரி ஹாரன்.
மேட்டில் இன்னொரு தடவை;
இறங்கித் தள்ளினேன்,
உணவு கொண்டுபோகும் பையன் ஒருவன்
காலை நீட்டிப் பின்னாலிருந்து என்னை ஏற்றிவிட்டுப்
பெயர் கேட்பதற்குள் போய்விட்டான்.

இரவு கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
தரையில் ஒரு சொட்டு எண்ணெய், ஐந்து காசு அளவு.
அட்டை ஒன்றை விரித்து வைத்தேன், வளர்கிறதா பார்க்க.
எஞ்சினில் கை வைத்தேன். சூடு இன்னும் இருந்தது.
கடைக்குப் போய் வந்தேன் என்று
யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

ஷிப்ட் ஏழு மணிக்கு.
ஐந்து உதைக்கும் சேர்த்து அலாரம் வைத்தேன்.