தேஎ

மார்ச்சில் தேர்வு.
நார்வாவில் பாதிப் பேரைப் போல
எனக்கும் எஸ்தோனிய மொழி நாக்கில் ஏறவில்லை.
அகராதியை மூடிவிட்டு
நூலகத்தில் அட்டை கிழிந்த நாவல் ஒன்றை எடுத்தேன்.

திரும்பத் திரும்ப ஒரு சொல்: தேஎ.
அளபெடுக்க வேண்டும்;
குறைத்தால் வகுப்பில் கிர்சிகா முகம் சுளிப்பாள்.

பதினொன்றாம் பக்கத்தில் அது ஆறிப்போகிறது,
எலுமிச்சைத் துண்டு மிதக்க.
சரி, எங்கள் வீட்டுச் சாய்.
முப்பதில் அதே தேஎ பனியில் புதைந்திருக்க
அதன்மேல் ஒரு லாரி வழுக்குகிறது.
தேநீரின் மேல் லாரியா?
வாய்விட்டுச் சிரித்தேன்,
எதிர் மேசை வாதிம் நிமிர்ந்து பார்த்தான்.
ஆக, சாலையும் அதுதான்.
லைனே மகனைப் பார்த்துக் கத்துகிறாள்: தேஎ!
பையன் போய் விறகு பிளக்கிறான்.
செய் என்றும் பொருள் போல.

ஐம்பத்திரண்டில் ஹெய்னோ பூட்ஸ் மாட்டுகிறான்.
கோப்பையில் பாதி மிச்சம்.
லைனே சொல்கிறாள்: ஹெஆத் தேஎத்.
‘நல்ல தேநீர்’, பென்சிலால் எழுதிக்கொண்டேன்,
தன் கைப்பக்குவத்தைத் தானே மெச்சுகிறாள் என்று.

எழுபது. எண்பத்தாறு. அவன் பெயரே வரவில்லை.
நூற்றுப்பத்தில்
லைனே அந்தக் கோப்பையைக் கழுவிக்
கவிழ்த்து வைக்கிறாள்.
வேறு வாக்கியம் இல்லை.

பின்னோக்கிப் புரட்டி
பென்சில் எழுத்தை அழித்தேன்.
‘போய் வா’ என்று எழுதப்போய்,
நின்றேன்.
அவள் சொன்னதில் ‘வா’ இல்லை.
நல்ல சாலை, அவ்வளவுதான்.

தேர்வில் அந்தச் சொல் வரவேயில்லை.
தபால் நிலையம் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டார்கள்.