பொத்தான் பக்கம்

81, ஒரு கோடு, 0417.
உன்னை நான் அப்படிக் கூப்பிடுவதில்லை.
சலவைக்கடைப் பின்னறையில், ஆறு மணிக்கு மேல்,
கால்சட்டைகளின் கீழ்மடிப்பையெல்லாம் முடித்துவிட்டுக்
கணினியைத் திறக்கும்போது
"வந்துட்டேன்" என்று மட்டும் சொல்வேன்.

டுலூத்துக்கு வடக்கே ஒரு சரளைக் குழியில்
பனி இளகிய வாரம் கண்டெடுத்தார்கள்.
இருபதிலிருந்து முப்பதுக்குள். ஐந்தடி நான்கு.
இடது கண்குழிக்கு மேலே
எப்போதோ உடைந்து, கூடிய எலும்பு.
பழுப்புக் கார்டுராய் பாவாடை.
இதற்கு மேல் கவுண்டி அலுவலகத்துக்குத் தெரியாது.
எனக்கு இன்னொன்று தெரியும்:
அந்தப் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து, இறக்கித் தைத்தது
ஓர் இடக்கை.
தையல் சாய்ந்திருக்கும் திசை அப்படி.
எழுதி அனுப்பினேன்.
"தகவலுக்கு நன்றி, திருமதி பிர்ச்."
நான் பிர்ப்பிச்.

பதினோரு வருடம்.
கணவர் முதலில் சிரித்தார், பிறகு சலித்துக்கொண்டார்,
இப்போது விளக்கணைக்குமுன்
"இன்னைக்கு யாரு?" என்கிறார்.

பிப்ரவரியில், எல்லைக்கு அந்தப் பக்கம்,
தண்டர் பே கோப்பு ஒன்றில் அயிலா கிவினென்.
1980 அக்டோபர். பேருந்து நிலையம். அதற்குப் பின் இல்லை.
உயரம் சரி, வயது சரி,
தழும்பு மட்டும் வலப்புருவத்தின் மேல்.
அதைப் பார்த்தே எல்லோரும் தாண்டிப் போயிருப்பார்கள்.
நானும் தாண்டினேன்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன்:
படத்தில் அவள் சட்டைப் பொத்தான்கள்
அவளுக்கு வலப்பக்கம்.
பெண்கள் சட்டைக்குப் பொத்தான் இடப்பக்கம்.
முப்பத்திரண்டு வருடம் ஊரார் உடுப்பைப் பிரித்துத் தைத்த விரலுக்கு
இதுகூடத் தெரியாமல் வேறென்ன தெரியும்?
படத்தைத்தான் யாரோ திருப்பி அச்சடித்திருக்கிறார்கள்.
நான் திருப்பினேன்.
தழும்பு நடந்துவந்து
உன் இடக்கண்ணின் மேல் உட்கார்ந்தது.

அன்று கடையில் ஒரு கல்யாணக் கவுனை
இரண்டங்குலம் அதிகமாக வெட்டிவிட்டேன்.

இந்த முறை காது கொடுத்தார்கள்.
ரெய்யோ கிவினென், அண்ணன், வயது எழுபத்தொன்று,
காகித ஆலையில் ஓய்வு பெற்றவர்,
வாயைத் திறந்து பஞ்சுக்குச்சிக்குக் காட்டினார்.
ஒன்பது வாரம் காத்திருந்தார்.
அதற்குள் கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்து இடத்தை
விலை பேசிவிட்டார் என்பது
எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பொருந்தவில்லை.

அவரே அழைத்தார்.
திட்டுவதற்குத்தான் என்று நின்றுகொண்டே எடுத்தேன்.
"அது என் சட்டை," என்றார்.
"கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொள்வாள்.
பொத்தானைப் பற்றி அந்த அதிகாரி நேற்றுத்தான் சொன்னான்.
தழும்பு எந்தப் பக்கம் என்று மட்டும்தான் முன்பு கேட்டார்கள்.
பக் என் மட்டையிலிருந்து பறந்ததுதான், எப்படி மறக்கும்?
ஆனால் அவள் எனக்கு எதிரே நின்றபடியேதான்
நினைவில் நிற்கிறாள்.
என் இடமா, அவள் இடமா,
சொல்லத் தெரியவில்லை எனக்கு."

மன்னியுங்கள் என்றேன்.
அதை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.
அவர் இருமினார். ஒரு நாற்காலியை இழுத்தார்.
"அப்படியானால், அந்தப் பெண் யார்?"
ஒன்பது வாரம் தங்கையாக இருந்தவளை
மறுபடி எண்ணாக்க அவருக்கு வரவில்லை.
பாவாடை ஓரத்தைப் பற்றிச் சொன்னேன்.
பேனாவைத் தேடும் சத்தம்.
"இடக்கை," என்று
எழுதிக்கொண்டே சொன்னார்.

வந்துட்டேன்.
அவள் படத்தைப் பழையபடி திருப்பிவிட்டேன்.
தழும்பு வலப்பக்கம் போய்விட்டது,
அண்ணன் சட்டையில்
அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.
நீ கொஞ்சம் நகர்ந்துகொள்.
இனி இந்த மேசையில் இரண்டு பேர்.