வரப்பெறவில்லை

மஞ்சக்குப்பம், ஆட்சியர் அலுவலகம்.
படைக்கல உரிமக் கோப்பு எதுவும்
என் மேஜையைத் தாண்டித்தான் மேலே போகும்.

காடாம்புலியூர் கலியவரதன்,
வயது நாற்பத்து நான்கு,
ஏழு ஏக்கர் முந்திரி, காட்டுப்பன்றித் தொல்லை.
ஒற்றைக்குழல் ஒன்று வேண்டும் என்று
முத்து முத்தான கையெழுத்தில் விண்ணப்பம்.

உள்ளூர்க் காவல் நிலையம்: ஆட்சேபணை இல்லை.
வட்டாட்சியர்: தோப்பு உண்டு, பன்றியும் உண்டு.
முன்பு குடியிருந்த ஊர் என்ற கட்டத்தில்
பாகூர் என்று இருந்ததால்
பாகூருக்கும் ஒரு கடிதம் போட்டேன்.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால்
பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதற்குள்
பாகூர் வந்துவிடும்.
ஆனால் அது வேறு அரசாங்கம்.
அங்கிருந்து ராத்திரிக்கு ராத்திரி
குவார்ட்டர் பாட்டில்கள் வருகின்றன,
பால்கேனில், டிபன் கேரியரில்,
ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்.
ஒரு தாள் வரத்தான் வழியில்லை.

முப்பது நாள். நினைவூட்டு ஒன்று.
அறுபது நாள். நினைவூட்டு இரண்டு.
குறிப்புத் தாளில் எழுதினேன்:
'பாகூரிலிருந்து பதிலாக ஏதும் வரப்பெறவில்லை.'
கண்காணிப்பாளர் பேனா மூடியைக் கழற்றினார்.
பதிலாக என்பதன் மேல் ஒரு கோடு.
'பாதகமாக ஏதும் வரப்பெறவில்லை.'

ஒரே ஒரு சொல்.
சுத்தப்பிரதி எடுத்தது நான்.
இலக்கணப் பிழை இல்லை,
பொய் என்றும் சொல்ல முடியாது.

ஐப்பசி அடைமழை, திங்கட்கிழமை மனுநாள்.
முந்தானையால் தலை துவட்டியபடி
அஞ்சலாட்சி வந்து நின்றார்.
மனுவின் ஓரம் நனைந்து மை இறங்கியிருந்தது.
'அவருக்குத் துப்பாக்கி குடுத்தது யாருங்க?'

'சுட்டாராம்மா?'
கேட்ட பிறகுதான் உறைத்தது
என்ன கேள்வி கேட்டேன் என்று.

'சுடல. தொடைக்கிறாரு.
சோறு போட்டு வச்சா
எதுருல குந்திக்கிட்டுத் தொடைக்கிறாரு,
தேங்காண்ண போட்டு, டெய்லி ராவுல.
பன்னி இதுவரைக்கும் ஒண்ணுகூட சாகல.'

மறுநாள் தற்செயல் விடுப்பு.
பாகூர் நிலையத்தில் ரைட்டர் அமலோர்
தூசி தட்டிக் கட்டைப் பிரித்தார்.
நான்கு வருஷத்துக்கு முந்தைய வழக்கு, அரிவாள்மணை.
கோரிமேட்டு ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏழு தையல்,
'கீழே விழுந்ததாகச் சொல்கிறார்.'
யார் சொன்னது என்பதற்குக் கட்டம் இல்லை.

'கம்ப்யூட்டர்ல ஏறலயா?'
'அதுக்கு முந்தின கேஸு சார் இது.'
'எங்க கடிதத்துக்குப் பதில்?'
'அனுப்பிட்டமே சார்!'
அனுப்புகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.
நாள் சரி, எண் சரி, தபால்தலைக் கணக்கும் சரி.
பெறுநர்: விழுப்புரம்.

கையோடு ஒரு நகல் வாங்கி வந்தேன்.
இந்த முறை எல்லாருக்கும் அவசரம்.
ரத்து செய்யும் முன்
விளக்கம் கேட்க வேண்டுமாம், பதினைந்து நாள்.
அதுவரைக்கும் துப்பாக்கி?
'அவர்கிட்டதான், வேற எங்க?'
பதிவுத் தபாலுக்கு வரைவு எழுத உட்கார்ந்தேன்.

பார்வை:
ஒன்று, உரிமம் வழங்கிய ஆணை.
இரண்டு,
திருமதி அஞ்சலாட்சியின் மனு.

எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அந்த உறை எந்த வீட்டுக்குப் போகிறது,
எந்தக் கை பிரிக்கும்,
பிரித்துப் படித்த ராத்திரி
எதிரே யார் உட்கார்ந்திருப்பார்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில்
முதல் முறையாக
ஒரு வரியை வேண்டுமென்றே விட்டேன்.

கண்காணிப்பாளர் விரல் வைத்துப் படித்தார்.
'ஒண்ணுக்கு அடுத்தது மூணா?
ரெண்டு எங்கய்யா?'

'வரப்பெறவில்லை, சார்.'

நிமிர்ந்து பார்த்தார். 
கையெழுத்துப் போட்டார்.

இன்று ஒன்பதாம் நாள்.
மழை விட்டிருக்கிறது.
காடாம்புலியூரிலிருந்து
ஒப்புகை அட்டை
இன்னும்