கட்டமும் வட்டமும்

பெருந்துறை ஆஸ்பத்திரி, பதினோராம் அறை.
ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம்,
நோவு கண்டவருக்கு உள்ளே மை.
டாக்டரம்மா எங்கள் குடும்பத்தை வரைகிறார்.

"வம்சத்துல யாருக்காச்சும்?"
"ஒருத்தருக்கும் இல்லீங்க."
அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

எப்போது நடந்தான், எப்போது பேசினான்?
மூன்று வயசு வரை திருமூர்த்திக்கு ஒரே சொல்:
தண்ணி. எருமையும் தண்ணி, நிலாவும் தண்ணி.
சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.
நாலாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டில்
'யாரோடும் சேர்வதில்லை' என்று டீச்சர் எழுத
அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.
குரல்கள் வந்தது பத்தொன்பதில்தான்.
அதற்கு வெகுநேரம் முன்பே
மண்ரோட்டில் மினிபஸ்ஸின் தூசி தெரிந்திருக்கிறது.
நாங்கள் முதுகு காட்டி நின்றிருக்கிறோம்.

ஊதியூர்ச் சென்னியப்பன் மாமாவை
எனக்கு மோட்டார் ரூம் ஜன்னலாகத்தான் தெரியும்:
கம்பியைப் பிடித்த நாலு விரல்.
என் கல்யாணப் பத்திரிகையில்
தாய்மாமன் வரிசையில் விட்டுப்போன பேர்.

பேனாவை வாங்கினேன்.
அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு
மையால் நிரப்பினேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.
என் வட்டத்துக்குக் கீழே
கோடு இழுக்கத் துணியவில்லை.

திருமூர்த்தி எட்டிப் பார்த்தான்.
இரண்டு மைக்கட்டங்களையும் விரலால் தொட்டு
"அப்ப நான் மட்டும் இல்லீங்களா?" என்றான்.