வயிறில்லாத வயலின்

விமான நிலையத்தில் சுங்கக்காரர்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பச்சை வார்னிஷ், ஐந்து தந்தி,
வயிறு இருக்கவேண்டிய இடத்தில் காற்று.
"மீதி எங்கே?"
பெர்சிஸ் தோளில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தாள்.
கொசு பறந்த மாதிரி இருந்தது.
போ என்று கை காட்டிவிட்டார்.

மீதி என்னிடம் இருக்கிறது.
பதினோரு வருஷமாக என் நிஸானின் பின்சீட்டில்:
எட்டுச் சானல் மிக்ஸர், இரண்டு ஸ்பீக்கர்,
திருப்பங்களில் உருளும் ஒன்பது வோல்ட் பேட்டரிகள்.

குதைபியாவில் அவளுக்கு நாலு பேர் அறை.
மற்ற மூவரும் ராத்திரி டூட்டி நர்ஸுகள்,
பகலில் தூங்குகிறவர்கள்.
மர வயலினை விற்று இதை வாங்கியது
புரட்சி எல்லாம் இல்லை, அதனால்தான்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
மூன்று ஜோடி இமைகளும் அசையாமல்
சாருகேசியை டிஸ்டார்ஷனில் போட்டுக் கிழிப்பாள்.

ஓட்டல் லாபியில் தொடக்கம்.
நூற்றெண்பது தினார், சாப்பாடு தனி.
வாசல் பலகையில் 'ஃப்யூஷன்' என்று எழுதினார்கள்.
"எலக்ட்ரீஷியன் வேலையா? ஃப்யூஸ் போனால் கூப்பிடட்டும்."
பிறகு அத்லியாவில் ஒரு பார்,
மணிலாக்காரன் ரோமல் ட்ரம்ஸில்,
ப்ளூஸ் வாசிக்கிறபோது கமகம் வழிந்தால்
ரோமல் குச்சியால் காற்றில் ஒரு கோடு போடுவான்,
இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம்.

தமிழ்ச் சங்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார்கள்.
உட்கார்ந்தால் பெடலை யார் மிதிப்பது?
வர்ணம் கேட்டார்கள். நின்றே வாசித்தாள்.
சிட்டை ஸ்வரத்தைப் பதிந்து,
அதைத் தலைகீழாக ஓடவிட்டு,
மேலே சரணத்தை ஏற்றினாள்.
செயலாளர் என் காதருகே வந்தார்:
"மிஷின் ரிப்பேரா தம்பி?"

முஹர்ரக்கில் முபாரக்கின் ஊத் பக்கத்தில்
ஒரு ரமலான் முழுக்க
இரண்டு காந்தாரத்துக்கும் நடுவே
ஒரு காந்தாரம் தேடினாள்.
சாதாரணமும் இல்லை, அந்தரமும் இல்லை,
விரல் வைக்கிற இடம் மிளகு அகலம்.
ஒருநாள் ராத்திரி மூன்று மணிக்குச் செய்தி வந்தது:
வீடு கிடைத்துவிட்டது.
வாடகை எவ்வளவு என்று கேட்டேன்.

பெண்கள் மட்டும் கூடும் கல்யாணங்களில்தான் காசு.
அவள் உள்ளே.
நான் சமையலறைத் தாழ்வாரத்தில்,
தடித்த திரைக்கு இந்தப் பக்கம்,
மட்டன் ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்க,
பார்க்காததற்குச் சத்தம் அமைக்கிறவன்.

ரிஃபாவில், ஆகஸ்டில், ஒரு கல்யாணத்தில்
மீட்டரின் பச்சை விளக்குகள்
ஒவ்வொன்றாய் இறங்கி அணைந்தன.
பேட்டரி.
நான் உள்ளே போக முடியாது.
டெஸ்டா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண்
பேரீச்சம்பழத் தட்டோடு போனாள்.
அவள் உள்ளங்கைக்கும் தட்டுக்கும் நடுவே புதியதொன்றைச் செருகினேன்.
மாப்பிள்ளையின் அத்தைகள் அத்தனை பேருக்கும்
பரிமாறிவிட்டுத்தான் மேடைக்குப் போனாள் போல.
ஆறு நிமிடம்.

ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.
கைத்தட்டல் மட்டும் நிற்கவில்லை.
தகிட தகிட தக,
தகிட தகிட தக,
முந்நூறு பெண்கள், வளையல்களோடு.
நடுவே ஓரிடத்தில் எல்லோரும் சேர்ந்து நிறுத்தினார்கள்.
ஒரு தட்டு அளவுக்கு ஒன்றுமே இல்லை.
அங்கே அவள் அந்த மிளகைத் தொட்டிருக்க வேண்டும்.
பிறகு குலவை.

விளக்குகள் ஏறின.
ஃபேடரைத் தூக்கவேண்டிய கை
மடியில் கிடந்தது, தாமதமாகத்தான் எடுத்தேன்.

காரில் கேட்டேன், என்ன வாசித்தாய் என்று.
ஷவர்மாத் தாளைப் பிரித்துக்கொண்டே
"உனக்குக் கேட்டதா?" என்றாள்.
"இல்லை."
"சரி."
சிக்னல் சிவப்பில் நின்றோம்.
டாஷ்போர்டுக்குக் கீழே அவள் வெறுங்கால் பெருவிரல்
அங்கே இல்லாத எதையோ
மிதித்து மிதித்து எடுத்துக்கொண்டிருந்தது.